இறால் விலை கரையில் மட்டும் இறங்குவது ஏன்?

ஜூன் 14ஆம் தேதி நள்ளிரவோடு கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அடுத்த ஓரிரு நாளில் இராமேஸ்வரம், மண்டபம், பாம்பன், தொண்டி, சோளியக்குடி விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்புகின்றன. அதைத் தொடர்ந்து இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: பாடு (ஒருமுறை கடலுக்குப் போய் வருவதும் அதில் கிடைக்கும் மீனும்) நன்றாக இருக்கிறது, விலைதான் இல்லை. ஏற்றுமதி கம்பெனிகள் கூடிப் பேசி விலையைக் குறைத்துவிட்டதாக மீனவர் சங்கங்கள் சொல்கின்றன. வெளிநாட்டில் விலை விழுந்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கம்பெனித் தரப்பு சொல்கிறது. சில வேளைகளில் விலை கேட்டு வேலைநிறுத்தமும் நடக்கிறது. அதே வாரத்தில் மதுரையிலோ பரமக்குடியிலோ இறால் வாங்கப் போனவருக்கு விலை குறைந்த அடையாளமே தெரிவதில்லை.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. ஏனென்றால், இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019இலிருந்தே வாங்குவதில்லை. அங்கே போகாத இறாலின் விலை அங்கே போட்ட வரியால் ஏன் விழ வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, வரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் படகுத்துறையில் விலை எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. கம்பெனி: இறால், கணவாய், நண்டு ஆகியவற்றை வாங்கி, பதப்படுத்தி, உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனம். கரையில் அதன் சார்பில் வாங்குபவர் ஏஜென்ட்.

2. கவுண்ட்: ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கிறது என்ற எண்ணிக்கை. எண் குறைந்தால் இறால் பெரிது, விலை அதிகம்.

3. சங்காயம்: உண்ணும் மீனாக விலை போகாமல், கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகும் கழிவு மீனும் குஞ்சு மீனும்.

4. முன்பணம்: கம்பெனியோ ஏஜென்டோ படகு உரிமையாளருக்குக் கொடுக்கும் பணம். பெயர் முன்பணம் என்றாலும் செயலில் அது கடன். பிடித்ததை அவருக்கே போட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

காத்திருக்க முடியாத சரக்கு

ஒரு பொருளின் விலை குறையும்போது விற்பவர் எவ்வளவு எளிதில் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதைப் பொருளாதாரத்தில் அளிப்பின் நெகிழ்ச்சி என்பார்கள். மிளகாய் விலை குறைந்தால் இராமநாதபுரத்து விவசாயி வற்றலை மூட்டையில் கட்டி வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் பார்க்கலாம். அவருடைய அளிப்புக்கு நெகிழ்ச்சி உண்டு. இறாலுக்கு அது இல்லை. வலையிலிருந்து கொட்டிய சில மணி நேரத்துக்குள் ஐஸ் போடாவிட்டால் தலைப்பகுதி கருக்கத் தொடங்கும். கருப்புப் புள்ளி விழுந்த இறாலை ஏற்றுமதிக்கு எடுக்கமாட்டார்கள். ஐஸ் போட்டாலும், ஒருநாள் தொழிலுக்குப் போகும் படகில் ஏற்றுவது ஒரு பாட்டுக்குத் தேவையான ஐஸ்தான்.

ஆகவே காலையில் படகு துறையைத் தொடும்போது, அந்த இறாலைப் பொறுத்தவரை மீனவரின் செலவு முழுவதும் முடிந்துவிட்டது. டீசல் எரிந்துவிட்டது, ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது. கிலோ 600 ரூபாய் என்றாலும் 450 ரூபாய் என்றாலும் கையில் இருக்கும் சரக்கு அதேதான். திரும்பக் கடலில் விட முடியாது. வாங்குபவருக்கோ இன்று வாங்காவிட்டால் நாளை மறுநாள் வாங்கலாம், குளிர்பதனக் கிடங்கில் ஏற்கெனவே இருப்பதை வைத்து அனுப்பலாம். விலை பேசும்போது ஒருவருக்கு மணிக்கணக்கும் இன்னொருவருக்கு வாரக்கணக்கும் அவகாசம் இருந்தால், விலை யார் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இக்கட்டுரையின் மீதி அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டின் விளைவுகளே என்று கருதுகிறேன்.

துறையில் இதை நேரில் பார்க்கலாம். இறாலை வகை பிரித்துக் கூடையில் கொட்டியதும், ஏஜென்டின் ஆள் ஒரு கிலோ அள்ளித் தராசில் வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுகிறார். எண்ணிக்கையில் நாலைந்து கூடினால் சரக்கு முழுவதும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். எந்தக் கை எதை அள்ளியது என்பதும், தண்ணீர் வடிந்த பிறகு நிறுத்தார்களா வடியும் முன்பா என்பதும், உடைந்த இறாலைச் சேர்த்தார்களா கழித்தார்களா என்பதும் கிலோவுக்குப் பத்து இருபது ரூபாயை இங்குமங்கும் நகர்த்தும். விலை பற்றிய தகராறுகளில் வெளியே தெரிவது அறிவிக்கப்பட்ட விலை. உள்ளே பாதி தகராறு இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

எல்லாப் படகும் ஒரே காலையில்

பாக் நீரிணையில், உள்ளூர் வழக்கில் வடகடலில், விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நான்கு நாள் என்பது நெடுங்கால ஏற்பாடு. இராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி என்று விசைப்படகு நாள்களைச் சொல்வார்கள். நாட்டுப்படகு மீனவரின் வலை அறுபடாமல் இருக்கவும், இரு தரப்பும் மோதாமல் இருக்கவும் இது தேவையான ஏற்பாடு. அதில் கைவைக்கச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் அதற்கு ஒரு பொருளாதாரப் பக்கவிளைவு உண்டு: மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்கி ஒரே நாளில் கிளம்பும் நூற்றுக்கணக்கான படகுகள், மறுநாள் காலை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரைக்கு வருகின்றன. வாரம் முழுவதும் பரவியிருக்க வேண்டிய சரக்கு மூன்று காலைகளில் குவிகிறது. அந்தக் காலைகளில் துறையில் இருக்கும் ஐஸும் வண்டியும் ஏஜென்டின் கைப்பணமும் மட்டும் அதே அளவு பெருகுவதில்லை.

காற்றும் இதையே செய்கிறது. வாடைக் காற்றில் புயல் எச்சரிக்கை வந்து ஒரு வாரம் படகுகள் கட்டிக் கிடந்தால், தடை நீங்கும் நாளில் எல்லாரும் சேர்ந்து போகிறார்கள். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்ததைக் கண்டித்து வேலைநிறுத்தம் நடந்தாலும் அப்படித்தான். இவை எல்லாவற்றிலும் பெரியது தடைக்காலத்தின் முடிவு. 61 நாள் கலைக்கப்படாத கடலில் இறால் வளர்ந்திருக்கிறது, எல்லாப் படகும் ஒன்றாக இறங்குகிறது, ஆண்டின் மிகப் பெரிய குவிப்பு அந்த முதல் வாரத்தில்தான் நிகழ்கிறது. அந்த வாரத்தில் விலை இறங்குவதற்குச் சதி எதுவும் கட்டாயமில்லை. சதி இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சதி இல்லாவிட்டாலும் விலை இறங்கும் என்பதுதான் பொருள்.

முன்பணத்தின் மறைந்த வட்டி

வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத பகுதி இது. தடைக்காலம் என்பது படகு உரிமையாளருக்கு வருமானம் இல்லாத காலம் மட்டுமன்று, ஆண்டின் மிகப் பெரிய செலவுக் காலமும் அதுவே. படகைக் கரையேற்றி, பழுதான பலகையை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, வலை புதுப்பித்து மீண்டும் கடலில் இறக்க வேண்டும். இதற்கு லட்சக் கணக்கில் பணம் வேண்டும். வங்கியில் அடமானம் கேட்பார்கள். எல்லையில் பிடிபட்டுப் போகக்கூடிய படகை வங்கி அடமானமாக மதிப்பதில்லை. அப்போது வீட்டு வாசலுக்கு வந்து, தாளில் அதிகம் எழுதாமல், வட்டி கேட்காமல் பணம் கொடுப்பவர் ஏஜென்ட்தான். அவசரத்துக்குக் கைகொடுப்பவர் என்ற மதிப்பு அவருக்கு ஊரில் உண்டு. அது பொய்யான மதிப்பும் இல்லை.

ஆனால் வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. வட்டி வேறு பெயரில் வருகிறது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்.

1. முன்பணம் 5 லட்சம் ரூபாய்.

2. வெளியாருக்குப் போட்டால் கிலோவுக்குக் கிடைக்கக்கூடியதைவிட 20 ரூபாய் குறைவாக ஏஜென்டுக்குப் போட வேண்டும்.

3. ஒரு பாட்டில் சராசரியாக 60 கிலோ இறால். ஆகவே ஒரு பாட்டுக்கு 1,200 ரூபாய் குறைவு.

4. மாதத்துக்குப் பன்னிரண்டு பாடு, ஆண்டில் பத்து மாதத் தொழில். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய்.

5. அது 5 லட்சத்துக்கு 28.8 சதவீதம். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

எண்கள் படகுக்குப் படகு மாறும்; கணக்கின் அமைப்பு மாறாது. மத்திய அரசு 2018-19இல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்திய கிசான் கடன் அட்டையில், 2 லட்சம் ரூபாய் வரையிலான நடைமுறைக் கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 4 சதவீதத்துக்கும் 28 சதவீதத்துக்கும் இடையே கிடக்கும் தொகை, ஆண்டுதோறும் இந்தக் கரையிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறும் பணம்.

வட்டியைவிடக் கனமான இன்னொரு விளைவும் உண்டு. முன்பணம் வாங்கிய படகு ஏலத்துக்கு வருவதில்லை. அதன் சரக்கு நேரே ஏஜென்டின் பெட்டிக்குப் போகிறது. துறைக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு இப்படிக் கட்டுப்பட்டுவிட்டால், ஏலத்தில் மிஞ்சும் கொஞ்சத்துக்குப் புதிய வியாபாரி எவரும் வெளியூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வரமாட்டார். வாங்குவோர் குறைய ஏலம் மெலிகிறது. ஏலம் மெலிய, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளி விலை என்பதே இல்லாமல் போகிறது. அதன் பிறகு கம்பெனி சொல்வதுதான் விலை. கடன் வாங்காத படகும் அந்த விலைக்கே போட வேண்டியதாகிறது. ஒருவர் வாங்கிய கடன் பக்கத்துப் படகின் விலையையும் இறக்கும் இந்த விளைவைத்தான் பொருளாதாரத்தில் புறவிளைவு என்பார்கள்.

விற்போர் பலர், வாங்குவோர் சிலர்

விற்பவர் ஒருவரே இருந்தால் ஏகபோகம் என்கிறோம். வாங்குபவர் மிகச் சிலராக இருப்பதும் அதே அளவு வலிமை தருவது. அதைக் கொள்முதல் ஆதிக்கம் எனலாம். ஏற்றுமதி இறாலுக்கு இது இயல்பாகவே உருவாகிறது, ஏனெனில் பதப்படுத்தும் ஆலை, உறைநிலைக் கிடங்கு, வெளிநாட்டு அனுமதிகள், கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் பதிவு இவை எல்லாம் உள்ளவர்களால் மட்டுமே இத்தொழிலில் நிற்க முடியும்.

சிலர் மட்டுமே இருக்கும் சந்தையில் அவர்கள் கூடிப் பேசினாலும் பேசாவிட்டாலும் விலை ஒன்றாக நகரும். ஒருவர் குறைத்ததைப் பார்த்து அடுத்தவர் குறைப்பது வெறும் கவனிப்பு. இருவரும் முன்கூட்டி ஒப்புக்கொண்டு குறைப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு விற்பனை விலையோடு கொள்முதல் விலையைக் கூடி நிர்ணயிப்பதையும் தடை செய்கிறது. மீனவர் சங்கங்கள் போட்டி ஆணையத்திடம் முறையிட வழி உண்டு. ஆனால் ஒப்பந்தம் இருந்ததைக் காட்ட ஆதாரம் வேண்டும். விலைகள் ஒன்றாக இறங்கின என்பது மட்டும் போதாது. நாள்வாரியாக எந்தக் கவுண்டுக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்ற பதிவேடு துறையில் இல்லாதவரை, இந்தக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் ஒவ்வொரு ஜூனிலும் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

நகரத்துக் கடை விலை ஏன் இறங்குவதில்லை என்ற கேள்விக்கும் விடை ஓரளவு இங்கேதான். ஏற்றுமதிக் கவுண்ட் இறால் உள்ளூர்ச் சந்தைக்கு அதிகம் வருவதே இல்லை. வருவதன் விலையிலும் ஐஸ், வண்டி வாடகை, கெட்டுப்போகும் பங்கு, கடை வாடகை எல்லாம் சேர்ந்திருப்பதால், துறை விலையில் ஏற்படும் சரிவு கடையில் மெல்லியதாகத்தான் தெரியும். வாங்குபவருக்குத் துறை விலை தெரியாது என்பதால் அந்த மெல்லிய சரிவையும் கொடுக்கக் கடைக்காரருக்கு நெருக்குதல் இல்லை.

அமெரிக்க வரி இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் வந்து சேரும் வழி

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். உலகச் சந்தையில் இன்று இறால் என்றால் பெரும்பாலும் குளத்தில் வளர்க்கும் வனாமி இறால்தான். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட இந்த இனம், ஆந்திரக் கடலோரத்தில் பெருகி, சில ஆண்டுகளில் இந்தியாவை அமெரிக்காவின் முதன்மை இறால் வழங்குநராக்கியது. 2024-25இல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 62,400 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 43,000 கோடிக்கு மேல். அதை வாங்குவதில் முதலிடம் அமெரிக்காவுக்கு.

கடல் இறாலின் கதை வேறு. இழுவலையில் கடலாமை சிக்கினால் வெளியேற வழிவிடும் கருவி இந்தியப் படகுகளில் இல்லை என்பதைக் காரணம் காட்டி, கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. ஆகவே இராமேஸ்வரத்து இறால் ஜப்பான், ஐரோப்பா, சீனா, தென்கிழக்கு ஆசியா என்று வேறு சந்தைகளை நம்பியிருக்கிறது.

2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே இருந்த பொருள் குவிப்புத் தடுப்பு வரியும் (மிக மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கப் போடுவது) மானிய ஈட்டு வரியும் (ஏற்றுமதி நாட்டு அரசு தரும் மானியத்தை ஈடுகட்டப் போடுவது) சேர, இந்திய இறால் மீதான மொத்தச் சுமை சுமார் 58 சதவீதமாயிற்று. பின்னர் வரி விகிதம் எப்படி மாறினாலும், அது பயணம் செய்யும் பாதை இதுதான்:

1. அமெரிக்க இறக்குமதியாளர் ஈக்வடார், வியட்நாம், இந்தோனேசியா பக்கம் திரும்புகிறார்.

2. அமெரிக்காவுக்கென்று வைத்திருந்த வனாமியை இந்திய ஏற்றுமதியாளர் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் திருப்புகிறார். கொஞ்சம் உள்நாட்டிலும் இறக்குகிறார்.

3. அந்தச் சந்தைகள்தான் கடல் இறாலின் சந்தைகள். அங்கே வனாமி மலிவாகக் குவியும்போது கடல் இறாலுக்குக் கிடைத்துவந்த கூடுதல் விலை சுருங்குகிறது.

4. ஏற்றுமதியாளர் தன் லாபத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், மீதியைக் கீழே தள்ளுகிறார்.

நான்காவது படியில் எவ்வளவு தள்ளுகிறார் என்பதே முக்கியம். வரியை யார் கட்டுகிறார் என்பதும் யார் தாங்குகிறார் என்பதும் வேறு வேறு. சட்டப்படி கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் சங்கிலியில் எவருக்கு நழுவிச் செல்ல வழி குறைவோ அவரிடமே சுமை போய்த் தங்கும். இறக்குமதியாளர் நாடு மாறலாம். ஏற்றுமதியாளர் சந்தை மாறலாம், கிடங்கில் வைக்கலாம். குளம் வைத்திருப்பவர் அடுத்த முறை குஞ்சு விடாமல் இருக்கலாம். விடியற்காலையில் துறையில் நிற்கும் படகுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் ஆளை மாற்றிப் போடவும் வழி இல்லை. கொச்சியிலோ தூத்துக்குடியிலோ அமெரிக்காவுக்குக் கொள்கலனில் ஏறாத இறால் மீதும் வரி விழுவது இப்படித்தான்.

நண்டைப் பொறுத்தவரை சுற்றுவழியே தேவையில்லை. பாக் நீரிணையில் வலையில் விழும் நீல நண்டு மண்டபம் பகுதியிலும் பிற ஊர்களிலும் அவிக்கப்பட்டு, சதை பிரிக்கப்பட்டு, டின்னில் அடைக்கப்பட்டுப் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போகிறது. அங்கே வரி ஏறினால் நண்டு வலை போடும் நாட்டுப்படகுக்காரரும், சதை பிரிக்கும் பெண்களும் நேரடியாகவே அடிபடுகிறார்கள். பிரித்த எடைக்குக் கூலி வாங்குபவருக்கு, ஆலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடத் தொடங்கினாலே வருமானம் பாதியாகும்.

இருபது சதவீதச் சரிவு, பாதி வருமானம்

விலை 20 சதவீதம் குறைந்ததாகச் செய்தியில் படிப்பவர், மீனவர் வருமானமும் 20 சதவீதம் குறைந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. கணக்கு அப்படி வருவதில்லை. ஒரு பாட்டில் 80,000 ரூபாய்க்குச் சரக்கு, டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய்ச் செலவு என்று வைத்துக்கொள்வோம். மீதி 30,000 ரூபாயில்தான் உரிமையாளரின் பங்கும் ஆள்களின் பங்கும். விலை 20 சதவீதம் இறங்கினால் வரவு 64,000, செலவு அதே 50,000, மீதி 14,000. பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. கடலுக்குப் போகும் ஆள்களுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். ஆகவே சரிவின் முழு எடையும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

செலவின் பெரும்பங்கு டீசல் என்பதால்தான் விற்பனை வரி விலக்கு டீசல் இவ்வளவு முக்கியமாகிறது. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்த அந்த அளவு பின்னர் உயர்த்தப்பட்டது. அது செலவைக் குறைக்கும். விலை பேசும் இடத்தில் மீனவரின் நிலையை மாற்றாது.

இன்னொரு விளைவைக் கடல்தான் தாங்குகிறது. பொதுவாக ஒரு பொருளின் விலை குறைந்தால் உற்பத்தி குறையும் என்று பாடத்தில் படிக்கிறோம். கடன் கட்ட வேண்டிய படகு அதற்கு நேர்மாறாக நடக்கும். இறாலில் வராததை அளவில் எடுக்க, வலையை இன்னும் நேரம் இழுக்கும். கரைக்கு நெருங்கி இழுக்கும். சங்காயத்தையும் கொட்டாமல் கொண்டுவரும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவை செய்யக் கூடாது என்கிறது. அச்சட்டத்தை மீறத் தூண்டும் நெருக்கடி துறை விலையிலிருந்தே தொடங்குகிறது. இலங்கை 2017இல் இழுவலையைச் சட்டத்தால் தடை செய்த பிறகும் எல்லைக்கு அப்பால் போகும் ஆபத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று கேட்பவர்கள், படகின் மேல் இருக்கும் முன்பணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அரசு செய்வதும் செய்யாததும்

இதுவரையிலான உதவிகளில் பெரும்பகுதி நிவாரணம். தடைக்கால உதவித்தொகையைக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். அடுப்பு எரிய இது உதவும், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் செலவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே முன்பணத்தின் தேவையை இது தொடுவதில்லை. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் 2017ஆம் ஆண்டுத் திட்டம் 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 சதவீத மானியம் தந்தும், எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை.

சங்கங்கள் முன்வைக்கும் கோரிக்கைகளையும், வேறு கரைகளில் நடந்திருப்பவற்றையும் சேர்த்து எடைபோட்டால்:

1. குறைந்தபட்ச ஆதரவு விலை. நெல், கோதுமை உள்ளிட்ட 22 விளைபொருள்களுக்கு மத்திய அரசு அறிவிக்கிறது, இறாலுக்கும் அறிவிக்கலாமே என்பது வாதம். நெல்லுக்கு அது ஓரளவு செயல்படுவதற்குக் காரணம், அரசு தானே வாங்கிக் கிடங்கில் அடுக்கி ரேஷன் கடையில் கொடுக்கிறது என்பதே. வாங்க ஆள் இல்லாமல் அறிவிக்கும் விலை தாளில்தான் இருக்கும். அரசு இறால் வாங்கிப் பதப்படுத்தி விற்கத் தயாராகாதவரை இந்தக் கோரிக்கைக்குப் பலன் குறைவு என்பது என் கணிப்பு.

2. குளிர்பதனக் கிடங்கு. 2020இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் ஆலைக்கும் கிடங்குக்கும் இடம் உண்டு. பலன், கிடங்கு யார் கையில் என்பதைப் பொறுத்தது. வாங்குபவர் கையில் இருந்தால் அவருடைய அவகாசம்தான் இன்னும் நீளும். மீனவர் சங்கத்தின் கையில் இருந்து, சரக்கின் மேல் அன்றைக்கே ஒரு பகுதிப் பணத்தைக் கொடுக்க முடிந்தால், விற்பவர் முதன்முறையாக இரண்டு வாரம் காத்திருக்க முடியும்.

3. கடனையும் ஏலத்தையும் ஒன்றாகக் கையாளும் கூட்டுறவு. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்த கிராமச் சங்கங்கள், தாமே ஏலக்காரரை நியமித்து, உறுப்பினரின் மீனைப் பொது ஏலத்தில் விற்று, விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனுக்குப் பிடித்துக்கொண்டன. பாடு இல்லாத நாளில் தவணையும் இல்லை. பாடு கூடிய நாளில் அசல் வேகமாகக் குறையும். கடன் கொடுத்தவருக்கே மீனைப் போட வேண்டும் என்ற கட்டு அறுந்ததால் ஏலத்துக்கு வியாபாரிகள் வந்தார்கள். அங்கே பெரும்பாலும் சிறு படகுகள், கடன்தொகையும் சிறிது. இராமேஸ்வரத்து விசைப்படகுக்கு முதல் பலமடங்கு தேவை. அந்த முதலுக்கு வங்கியை ஈடுபடுத்தத்தான் அரசின் உத்தரவாதம் தேவைப்படுகிறது. இருக்கும் வழிகளில் நோயின் வேரைத் தொடுவது இதுவே என்று நம்புகிறேன்.

அடுத்த ஜூனில் பார்க்க வேண்டியவை

விலை இறங்கியதாகச் செய்தி வரும்போது, காரணம் எது என்பதைப் பிரித்தறிய மூன்று ஒப்பீடுகள் உதவும். காரணம் மாறினால் மருந்தும் மாற வேண்டும் என்பதால் இதைச் செய்யாமல் எவர் மீதும் பழி போடுவதில் பயனில்லை.

1. அதே வாரத்தில் ஆந்திராவின் பீமாவரத்திலும் நெல்லூரிலும் குளத்து இறால் விலை எப்படி இருக்கிறது? அங்கும் அதே அளவு இறங்கியிருந்தால் காரணம் உலகச் சந்தை. அங்கே நிலையாக இருந்து இங்கே மட்டும் இறங்கியிருந்தால் காரணம் உள்ளூரில் இருக்கிறது.

2. முதல் வாரத்தில் இறங்கிய விலை, வரத்து குறைந்த மூன்றாவது நான்காவது வாரத்தில் ஏறுகிறதா? ஏறினால் அது குவிப்பின் விளைவு. படகுகள் கரை திரும்பும் நேரத்தைப் பரப்புவதும் ஐஸும் கிடங்கும் அதற்குப் போதும். வரத்து குறைந்தும் ஏறாவிட்டால் வாங்குவோர் ஆதிக்கத்தைச் சந்தேகிக்க இடம் உண்டு.

3. ஒரே நாளில், ஒரே கவுண்டுக்கு, முன்பணம் வாங்கிய படகுக்கும் வாங்காத படகுக்கும் என்ன விலை கிடைத்தது? இந்த வேறுபாடே முன்பணத்தின் உண்மையான வட்டி.

முதல் இரண்டையும் நாளிதழ் படித்தே ஓரளவு கணிக்கலாம். மூன்றாவதற்குப் பதிவு வேண்டும். கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகும் மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போகிறது. திரும்பி வந்த படகு எந்தக் கவுண்ட் இறாலை என்ன விலைக்கு யாருக்குப் போட்டது என்பதை, அடுத்த சீட்டு வாங்க வரும்போது அதே அலுவலகத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கி, படகின் பெயரை விட்டுவிட்டு விலையை மட்டும் மறுநாள் காலை துறையில் பலகையில் எழுதிப் போடலாம். புதிய சட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை.